‘வந்தாராம்’ என்பதற்கும் ‘வந்தார்’ என்பதற்கும் இடையே

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் கோயிலின் ஆண்டு மலருக்காகக் குடும்ப வரலாற்றுக் கட்டுரை ஒன்றை எழுதிக் கொடுத்தீர்கள். மலர்க் குழுவில் இருக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர் அதைத் திருப்பித் தந்து, “முதலில் திறனாய்ந்து படிக்கப் பழகுங்கள், பிறகு எழுதலாம்” என்று சொல்லிவிட்டார். சிறு வயது முதல் கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வளர்ந்தவர் நீங்கள் என்பதால் அந்தச் சொல் உங்களுக்கு வலித்திருக்கிறது. பிறர் எழுத்தில் குறை காணப் பழகுவதால் நம் எழுத்து எப்படி வளரும் என்பது நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி. அதை இரண்டாம் முறை படித்தபோது, உள்ளே வேறொரு கேள்வியும் இருப்பதாக எனக்குத் தோன்றியது: இவ்வளவு படித்தும், என் கட்டுரையில் அவர் கண்ட பிழை என் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? இதற்கு விடை சொன்னால் முதற்கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

நான் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடாலில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சனிக்கிழமை வகுப்புகளில் தமிழ் கற்பித்தவன். கோயில்களும் சங்கங்களும் வெளியிட்ட மலர்களுக்கு வந்த கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தவன். வரலாற்றில் பட்டம் பெற்றவனல்லன். கட்டுரைகளில் சொல்லப்பட்டவற்றைச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் கப்பல் பட்டியல்களையும் பழைய செய்தித்தாள்களையும் புரட்டிப் பழகினேன், அவ்வளவே. ஆகையால் உரைநடைக் கட்டுரை பற்றி நான் சொல்வதைப் பழக்கத்தில் கற்றவன் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். கதையும் கவிதையும் எழுதுபவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர்கள். ‘கிரிட்டிக்கல்’ என்ற சொல்லை எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் மனிதரைப் பற்றிப் பேசும்போதுதான் வீட்டில் கேட்டிருக்கிறோம். அதனால் திறனாய்வு என்றதும் குற்றம் சாட்டுவது என்ற எண்ணம் முந்திக்கொள்கிறது. தமிழ்ச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், திறனை ஆய்வது என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஒரு வாக்கியம் எவ்வளவு பாரத்தைத் தாங்குவதாகச் சொல்லிக்கொள்கிறது, உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்று அழுத்திப் பார்ப்பதே அந்த ஆய்வு. தாங்கினால் தாங்குகிறது என்று சொல்வதும் அதில் அடங்கும். நிறையப் படிப்பவர்களுக்கு இது தானாக வந்துவிடுவதில்லை என்பதை நான் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். வேகமாகவும் விருப்பத்தோடும் படிப்பவர் எழுதியவரோடு சேர்ந்தே நடந்துவிடுகிறார். எங்கே பாலம் இருந்தது, எங்கே இல்லாத பாலத்தின்மேல் நடந்தோம் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் கட்டுரையின் முதல் வாக்கியத்தை நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்: ‘எங்கள் முன்னோர் 1860 ஆம் ஆண்டு ட்ரூரோ கப்பலில் மலபாரிலிருந்து நடாலுக்கு வந்தனர்.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லாத, நல்ல தமிழ் வாக்கியம். இதை இன்னொருவர் எழுதியதாக எண்ணிக்கொண்டு படிப்போம். ஒப்பந்தக் கூலிகளை நடாலுக்குக் கொண்டுவந்த முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் 342 பேர். இது உறுதியான செய்தி. அந்த ஆண்டு தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நடாலுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மொத்தம் 1,52,184 பேர் என்பதும் கப்பல் பட்டியல்களைக் கூட்டிப் பெறப்பட்ட எண். அப்படியானால் ட்ரூரோவில் வந்தவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. நான் திருத்திய குடும்பக் கட்டுரைகளிலோ கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் ட்ரூரோவில்தான் வந்து இறங்கியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கப்பலின் பெயர்தான் மேடைகளிலும் நினைவு நாள்களிலும் சொல்லப்படுகிறது. ‘கப்பலில் வந்தோம்’ என்று பாட்டி சொன்னதைக் கேட்டவர், தமக்குத் தெரிந்த கப்பலின் பெயரை அந்த இடத்தில் வைத்துவிடுகிறார். உங்கள் முன்னோர் உண்மையிலேயே அந்த 342 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் ஐயத்துக்கு இடமளிக்காமல் பேசுகிறது. அப்படிப் பேசும் உரிமையை அது எங்கே பெற்றது என்று படிப்பவர் கேட்பார்.

‘மலபார்’ என்ற சொல் இதைவிடச் சிக்கலானது. அதனால் சற்று நின்று பார்க்க வேண்டும். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எதிரே பதிவு எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று கட்டங்கள் இருக்கும். சாதி என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே ‘மலபார்’, ‘ஜென்டூ’, ‘கிறிஸ்டியன்’ போன்ற சொற்களைக் காண்பீர்கள். இவற்றுள் ஒன்றுகூடச் சாதியின் பெயர் இல்லை. அக்காலத்து ஐரோப்பியர் வழக்கில் தமிழ் பேசுபவர்களை ‘மலபார்’ என்றும் தெலுங்கு பேசுபவர்களை ‘ஜென்டூ’ என்றும் எழுதுவது சாதாரணம். ரெயூனியன் தீவில் இன்றும் தமிழ் வழியினரை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். ஆகவே பட்டியலில் ‘மலபார்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, ‘எங்கள் முன்னோர் கேரளக் கரையிலிருந்து வந்தவர்கள்’ என்று எழுதுவது, ஒரு குமாஸ்தாவின் சொல்லை இன்றைய வரைபடத்தின்மேல் ஒட்டுவதாகும். அதே வரிசையில் மாவட்டம் என்ற கட்டத்தில் ஆற்காடு என்றோ தஞ்சாவூர் என்றோ எழுதப்பட்டிருக்கலாம். அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துப் படித்திருந்தால் முரண்பாடு உடனே கண்ணில் பட்டிருக்கும். இந்தச் சொல்லை யார், யாருக்காக, எந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக எழுதினார் என்ற கேள்வி இல்லாமல் படித்தால், ஆவணத்தைப் பார்த்தே எழுதிய பிறகும் தவறாகத்தான் எழுதுவோம்.

இனி, உங்கள் ஆசிரியர் சொல்ல நினைத்தது எது என்று நான் கருதுகிறேனோ அதற்கு வருகிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் பேசியதை நினைத்துப் பாருங்கள். “தாத்தா கப்பல்ல வந்தாராம், கரும்புத் தோட்டத்துல வேலை செஞ்சாராம், சிர்தார் அடிச்சானாம்.” (சிர்தார் என்றால் தோட்டத்தில் கூலிகளை மேற்பார்த்தவர்.) ஒவ்வொரு வினையின் கடைசியிலும் ஓர் ‘ஆம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘நான் பார்த்ததில்லை, எனக்குச் சொன்னார்கள்’ என்பதை நம் மொழி இந்த ஒற்றை அசையால் சொல்லிவிடுகிறது. பழைய நூல்களில் ‘என்ப’ என்று வருவதும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. பாட்டி தாம் கண்டதற்கு ‘வந்தார்’ என்றும் கேட்டதற்கு ‘வந்தாராம்’ என்றும் பிசகாமல் சொல்லிவந்தார். பேரப்பிள்ளை அதை மேடைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும் அந்த ‘ஆம்’ பேச்சு வழக்காகத் தோன்றி நீக்கப்படுகிறது. ‘வந்தனர்’, ‘உழைத்தனர்’, ‘துன்புற்றனர்’ என்று கம்பீரமான வினைமுற்றுகள் வந்து அமர்கின்றன. மொழிநடை உயர்ந்ததுபோல் தோன்றும் அந்த இடத்தில்தான் செய்தியின் நேர்மை குறைந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, படித்த பேரனைவிடக் கவனமான சாட்சியாக இருந்திருக்கிறார். திறனாய்ந்து படிப்பது என்று நான் பழகிக்கொண்டதெல்லாம், அச்சில் இருக்கும் ஒவ்வொரு ‘வந்தனர்’ என்பதற்கும் பின்னால் நீக்கப்பட்ட ஓர் ‘ஆம்’ இருக்கிறதா என்று தேடுவதுதான்.

இதற்கு நம் வரலாற்றிலேயே சிறந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த பெண். 1913 சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். கடுங்காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார். இவை உறுதியானவை. ‘சிறை சென்றதற்காக வருந்துகிறாயா’ என்று காந்தி கேட்டதும், மறுபடியும் கைது செய்தால் மறுபடியும் செல்லத் தயார் என்று அவர் சொன்னதும் எல்லா மலர்களிலும் மேற்கோள் குறிக்குள் வரும். அந்த உரையாடலுக்குச் சான்று காந்தியே. ஆனால் அதை அவர் எழுதியது ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பிறகு, இந்தியாவில், குஜராத்தியில், நினைவிலிருந்து. அந்தப் பெண்ணைக் கண்டு பேசியவர் சொன்ன சாட்சியம் என்பதால் அது விலைமதிப்புள்ளது. பேசியபோதே யாரோ அருகில் அமர்ந்து குறித்துக்கொண்ட பதிவு என்று அதைக் கொள்ள முடியாது. இதைத் தெரிந்துகொண்ட எழுத்தாளர் ‘வள்ளியம்மை கூறினார்’ என்பதற்குப் பதிலாக ‘வள்ளியம்மை இவ்வாறு கூறியதாகக் காந்தி பின்னாளில் நினைவுகூர்ந்தார்’ என்று எழுதுவார். சில சொற்கள் கூடுகின்றன. வள்ளியம்மையின் பெருமை அணுவளவும் குறையவில்லை. மேடைகளில் இதற்கு மேலும் பல வீர உரையாடல்கள் அவர் வாயில் வைக்கப்படுகின்றன. அவற்றைக் கேட்டு எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயரும் கிடைக்காவிட்டால், உங்கள் கட்டுரையில் அவற்றை விட்டுவிடுங்கள். அந்தப் பதினாறு வயதுப் பெண்ணுக்கு நாம் வசனம் எழுதித் தரத் தேவையில்லை.

நானும் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு கோயிலின் வரலாற்றை எழுதியபோது, அது கட்டப்பட்ட ஆண்டை மூன்று மலர்களில் தேடி எடுத்தேன். மூன்றிலும் ஒரே ஆண்டு இருந்தது; மூன்று சாட்சிகள் ஒத்துச் சொல்கின்றன என்ற நிறைவோடு எழுதிவிட்டேன். அச்சான பிறகு ஒரு முதியவர் என்னிடம் வந்து, அந்த ஆண்டில் அந்த இடம் இன்னும் கரும்புத் தோட்டமாகவே இருந்தது என்று தம்மிடமிருந்த நிலப் பத்திரத்தைக் காட்டினார். மறுபடியும் அந்த மூன்று மலர்களையும் அருகருகே வைத்துப் படித்தேன். அந்தப் பத்தி மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. முதல் மலரில் இருந்த ஓர் எழுத்துப்பிழைகூட மற்ற இரண்டிலும் அப்படியே இருந்தது. ஒரே சாட்சி மூன்று முறை பேசியிருந்ததை நான் மூன்று சாட்சிகளாக எண்ணியிருக்கிறேன். அந்தப் பிழை முதல்முறை படித்தபோதும் என் கண்ணெதிரே இருந்ததுதான். நான் ஆண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால் ஆண்டைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, இரண்டு நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதா என்று முதலில் கேட்கிறேன்.

இதுவரை சொன்னவை செய்தியின் உண்மை பற்றியவை. எழுத்தின் கட்டுமானத்தைப் படிப்பது இன்னொரு பயிற்சி. அதற்கு நம்மிடம் பழைய கருவி ஒன்று இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. எழுத்தையும் சொல்லையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிய நாங்கள் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிட்டோம். கட்டுரைகளைத் திருத்தத் தொடங்கிய பிறகுதான் அதன் கூர்மை எனக்குத் தெரிந்தது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று தொடங்கும் அந்த வரிசையில், நம் மலர்க் கட்டுரைகளில் நான் மிகுதியாகக் கண்டவை இரண்டு. ஒன்று மற்றொன்று விரித்தல்: தாத்தாவின் ஒப்பந்த வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கி, தமிழின் தொன்மை பற்றி இரண்டு பக்கம் எழுதிவிடுவது. மற்றது சென்று தேய்ந்து இறுதல்: கப்பல் பயணம் வரை செறிவாகச் சொல்லிவிட்டு, பிறகு வந்த அறுபது ஆண்டுகளை ‘அவர்கள் பல இன்னல்களைக் கடந்து முன்னேறினர்’ என்று ஒரே வாக்கியத்தில் கரைத்துவிடுவது. பிறர் கட்டுரையில் இந்த இரண்டையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டப் பழகியவருக்கு, தம் கட்டுரையிலும் அவை தெரியத் தொடங்கும். பெயர் தெரியாதவரை ‘ஏதோ சரியில்லை’ என்ற உணர்வு மட்டுமே இருக்கும். பெயர் தெரிந்தபின் எந்தப் பத்தியில் கை வைப்பது என்று தெரியும்.

அதே பாயிரம் நூல் செய்பவர் கொள்ளும் எழுவகை மதங்களையும், அதாவது பிறர் கருத்தையும் தம் கருத்தையும் கையாளும் ஏழு நிலைகளையும், சொல்கிறது. உடன்படல் முதலில் வருகிறது, மறுத்தல் இரண்டாவதாக. மூன்றாவது, ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’: மாற்றார் கொள்கையை முதலில் தானே ஏற்று நின்று, பிறகு அதைக் களைவது. இந்த மூன்றாவதைத்தான் நான் மாணவர்களிடம் அதிகம் வற்புறுத்தினேன். ஒரு கட்டுரையை மறுக்க விரும்பினால், அதை எழுதியவரே படித்து ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி ஐந்து வாக்கியங்களில் முதலில் எழுதிக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் அந்த ஐந்து வாக்கியங்களை எழுதும்போதே மறுப்பில் பாதி உதிர்ந்துவிடும். எஞ்சியதுதான் எழுதத் தகுந்த மறுப்பு.

சொல்லளவில் படிப்பது எப்படி என்பதற்குத் திருக்குறளில் ஒரு குறளை மட்டும் காட்டுகிறேன். ‘அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.’ பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பார்த்தாலே போதும், அறத்தின் பயன் இதுவென்று நூல் கொண்டு உணர்த்த வேண்டா என்று பரிமேலழகர் உரை செய்தார். சுமப்பவனுக்கும் ஊர்பவனுக்கும் இடையே ‘அறத்தின் வழி இதுதான்’ என்று சொல்லாதே, அந்த வேறுபாட்டை அறத்தின்மேல் ஏற்றாதே என்று படிப்பவர்களும் உண்டு. கரும்புக் கட்டைத் தலையில் சுமந்தவர்களின் வழிவந்த எனக்கு இரண்டாவது பொருளே பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. பிடிக்கிறது என்பதாலேயே அதைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டியவனாகிறேன். ‘ஆறு’ என்றால் வழி. அதைப் ‘பயன்’ என்று கொள்ளப் பரிமேலழகர் தனியே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது அவர் உரையின் இடர். ஆனால் இந்தக் குறள் நிற்பது அறன் வலியுறுத்தல் என்ற அதிகாரத்தில். முன்னும் பின்னும் உள்ள குறள்கள் அறம் செய்தால் வரும் நன்மையைச் சொல்லிக்கொண்டிருக்க, நடுவில் ஒன்று மட்டும் வேறு திசையில் ஏன் பேசுகிறது என்று இரண்டாவது பொருளைக் கொள்பவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். நான் இன்னும் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். ஆனால் இப்போது என் சாய்வுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கட்டுரையில் இந்தக் குறளை எடுத்தாளும்போது ‘வள்ளுவர் சொல்கிறார்’ என்று தொடங்காமல் ‘இப்படியும் படிக்கலாம்’ என்று தொடங்குகிறேன்.

பக்கத்தில் இல்லாததைப் படிப்பது எல்லாவற்றிலும் கடினமானது. 1903 ஜூன் 4 அன்று டர்பனில் தொடங்கிய காந்தியின் பத்திரிகையான ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்ற நான்கு மொழிகளில் வந்தது. சில ஆண்டுகளில் தமிழ், இந்திப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. அந்த இடைவெளிக் காலத்து நிகழ்ச்சிகளை அந்த ஒரு பத்திரிகையை மட்டும் வைத்து எழுதினால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது நம் கட்டுரையிலும் இல்லாமல் போகும். அதோடு, அவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை என்பதுபோல் நாம் எழுதிவிடுவோம். 1908 இல் பி. எஸ். ஐயர் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. அவர் காந்தியின் வழிமுறைகளைக் கடுமையாக விமர்சித்தவர். இருவர் பத்திரிகைகளையும் ஒரே நிகழ்ச்சிக்கு அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, எந்தச் செய்தித்தாளும் எவரோ ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். அது விளங்கிய பிறகு, ‘நான் யாரை மனத்தில் வைத்து எழுதுகிறேன், யாரை விட்டுவிட்டேன்’ என்ற கேள்வி நம் மேசைக்கும் வந்து சேரும்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பயன்பட்டதை மட்டும் சொல்கிறேன். ஒரு கட்டுரையை முதல் முறை குறுக்கிடாமல், எழுதியவரை நம்பிப் படியுங்கள். ஒருவர் பேசி முடிப்பதற்குள் மறித்தால் அவர் என்ன சொன்னார் என்பதே நமக்குத் தெரியாது. ஒரு நாள் கழித்துப் பென்சிலோடு படியுங்கள். உறுதியாகச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ‘கண்டது’, ‘கேட்டது’, ‘ஊகம்’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள்; எதை எழுதுவது என்று தெரியாத இடங்களில் வெறும் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் நிறைந்த பத்திதான் அந்தக் கட்டுரையின் பலவீனமான பத்தி, பெரும்பாலும் மிக அழகாக எழுதப்பட்ட பத்தியும் அதுவே. உங்களுக்குப் பிடித்த கட்டுரையிலிருந்து தொடங்குங்கள்; பிடிக்காததில் பிழை காண்பது எளிது, அதனால் பயிற்சி ஆகாது. பத்துப் பதினைந்து கட்டுரைகளை இப்படிப் படித்த பிறகு உங்கள் கட்டுரையை எடுத்து, அதே பென்சிலால் அதே மூன்று சொற்களை ஓரத்தில் எழுதுங்கள். எழுதி முடித்த அன்றே இதைச் செய்யாதீர்கள். குறைந்தது ஒரு வாரமாவது அது உங்களுக்குச் சற்று அந்நியமாகட்டும்.

இந்தப் பழக்கம் எதைத் தரும், எதைத் தராது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மிகையான கூற்று, இரவல் வாக்கியம், தேய்ந்த முடிவு, யார் சொன்னது என்று தெரியாத மேற்கோள் ஆகியவை எழுத்திலிருந்து உதிரும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை; என் மாணவர்களிடம் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அது ஒருவருக்குத் தனிக் குரலைத் தருமா என்றால், தரும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. பிறர் கட்டுரையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டத் தெரிந்தவர்கள், தாங்கள் எழுதும்போது உயிரில்லாமல் எழுதியதையும் கண்டிருக்கிறேன். ஒரு நூலும் திறனாய்ந்து படிக்காத பெண்மணி ஒருவர், தம் மாமியாரைப் பற்றி எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களில் ஒரு சொல்லையும் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. கதையிலும் கவிதையிலும் ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்விக்கு இடமே வேறு. அங்கே இந்தப் பென்சிலை எங்கே வைப்பது என்பதை அந்தத் துறையில் தேர்ந்தவரிடம் கேட்பதே முறை.

ஓர் ஆபத்தையும் நான் சொல்லாமல் விடக்கூடாது. ஐயப்படப் பழகியவர் சில காலம் எழுத முடியாமல் தவிப்பார். முதல் வாக்கியத்தை எழுதும்போதே உள்ளிருந்து ஒருவர் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அது இரண்டு ஆண்டுகள் நீடித்தது. எழுதும் நேரத்தையும் சோதிக்கும் நேரத்தையும் வெவ்வேறு நாள்களில் வைத்துக்கொண்ட பிறகே கை மறுபடியும் ஓடியது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால், திறமை போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

உங்கள் கட்டுரைக்குத் திரும்புகிறேன். அதைக் கிழித்துப் போடாதீர்கள். முதல் வாக்கியத்தை மட்டும் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தவர் என்று பாட்டி சொல்வார்; அந்தக் கப்பலின் பெயரை அவர் ஒருமுறையும் சொன்னதில்லை.’ பாட்டி பெயர் சொன்னதுண்டு என்றால் சொன்னபடியே எழுதுங்கள், அவர் சொன்ன உச்சரிப்பிலேயே. பிறகு வீட்டில் பழைய பெட்டி, அலமாரி, பூசை அறையில் மடித்து வைத்த காகிதங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. நம் பெரியவர்கள் ‘காலனியல் நம்பர்’ என்பார்கள். விடுதலைச் சீட்டு, திருமணப் பதிவு, பிள்ளையின் பிறப்புப் பதிவு என்று ஏதேனும் ஒன்றில் அந்த எண் இருக்கக்கூடும். அது கிடைத்துவிட்டால் கப்பல், வந்த நாள், மாவட்டம், கிராமம் எல்லாம் பட்டியலில் ஒரே வரியில் இருக்கும். சாதி என்ற கட்டத்தில் ‘மலபார்’ என்று இருந்தால் அதை என்ன செய்வது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பெயரை மட்டும் வைத்துத் தேட நேர்ந்தால், குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதை மனத்தில் கொண்டு, முனுசாமி என்ற ஒரே பெயரை ஐந்தாறு எழுத்துக்கூட்டல்களில் தேடுங்கள். எண் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இங்கே வந்து சொல்லுங்கள். அடுத்த பத்தியை அதை வைத்துப் பார்ப்போம்.